குழந்தைக்கு ஸ்ட்ரோலர் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் குழந்தைகளுக்கான பொருள்களை வாடகைக்கு விட்டு, பழுதும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். தொட்டில், கார் சீட், சாப்பாட்டு நாற்காலி என்று பலவும் வந்து போகும். ஆனால் போனில் அதிகம் கேட்கப்படுவது ஸ்ட்ரோலரைப் பற்றித்தான். திரும்பி வரும் வண்டியைக் கழற்றித் துடைக்கும்போது எந்தப் பாகம் முதலில் தேய்கிறது, எது கடைசிவரை உழைக்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும். அந்த அனுபவத்தோடு, கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன்.

ஸ்ட்ரோலர், ப்ராம், பக்கி என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். நான் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கடைகளில் மூன்றையும் கலந்தே சொல்வார்கள். பெயரை விட்டுவிட்டு அமைப்பைப் பாருங்கள். குழந்தையை மட்டமாகப் படுக்கவைக்கும் தொட்டில் அமைப்பு இருந்தால் அது பிறந்த குழந்தைக்கானது. முதுகுப்பகுதி படுக்கையாகவும் நிமிர்ந்தும் மாறுமானால், அதைப் பிறந்ததிலிருந்து மூன்று வயதுவரை ஓட்டலாம். இரண்டு கைப்பிடிகளும் தனித்தனியாக வளைந்து, குடைபோல நீளமாக மடங்கும் மெல்லிய வண்டி, நன்றாக உட்காரப் பழகிய குழந்தைக்கு மட்டுமே.

இந்தக் குடை மடிப்பு வண்டியை உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன் என்ற பிரிட்டிஷ் விமானப் பொறியாளர். 1965இல் அதற்குக் காப்புரிமை கோரினார். அலுமினியக் குழாய்களால் ஆன அந்த வண்டி மூன்று கிலோகூட இல்லை. அதற்கு முன் ப்ராம் என்பது வாசலைவிட்டு நகர்த்தவே ஆள் வேண்டிய கனமான வண்டியாக இருந்தது.

பிரசவத்துக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டுமா?

வேண்டாம். நம் வீடுகளில் முதல் மூன்று மாதங்கள் தாயும் சேயும் பெரும்பாலும் தாய் வீட்டில்தான் இருக்கிறார்கள். தடுப்பூசிக்கு மருத்துவமனை போவதைத் தவிர வெளியே போகும் வேலை குறைவு. அந்தக் காலத்தில் ஸ்ட்ரோலர் மூலையில் நின்று தூசி படியும். பிறப்பதற்கு முன் பொருள் சேர்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னால் அவர்கள் மனம்போலவே விட்டுவிடுங்கள். அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

குழந்தையோடு உங்கள் வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாரம் அன்றாடம் எங்கே போகிறீர்கள் என்று பாருங்கள். அதன்பின் எந்த வண்டி வேண்டும் என்பது உங்களுக்கே தெளிவாகும்.

எத்தனை மாதத்தில் உட்கார வைக்கலாம்? சின்னக் குழந்தையை வண்டியில் வைத்தால் முதுகு வளைந்துவிடும் என்கிறார் என் மாமியார்.

மாமியாரின் கவலையில் நியாயம் இருக்கிறது. குழந்தைக்குக் கழுத்து நிற்க ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். துணையில்லாமல் உட்கார ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதற்கு முன் நிமிர்ந்த இருக்கையில் வைத்தால் தலை முன்னால் தொங்கி, தாடை நெஞ்சில் முட்டும். அங்கே முதுகைவிடப் பெரிய ஆபத்து மூச்சுக்குழல் மடங்கி மூச்சு திணறுவதுதான். அழுதால் நமக்குத் தெரியும். இது சத்தமில்லாமல் நடக்கும்.

ஆகவே ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துவதாக இருந்தால் முதுகுப்பகுதி ஏறக்குறைய மட்டமாகப் படுக்க வேண்டும். ‘சாயும்’ என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பாமல், முழுவதும் சாய்த்துவிட்டு உங்கள் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். துணி தொய்ந்து தொட்டிபோல் குழிந்தால் அது பச்சிளம் குழந்தைக்கு ஆகாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்காமல் எந்த வண்டியிலும் வைக்காதீர்கள்.

கடையில் நிற்கும்போது எதை முதலில் பார்ப்பது? விற்பவர் கப் வைக்கும் இடத்தையும் பொம்மைக் கம்பியையும்தான் காட்டுகிறார்.

முதலில் பெல்ட். இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து முனைகளில் பிடிக்கும் பெல்ட் வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டோடு வரும் வண்டியை விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். காரணம் இருக்கிறது. பெல்ட் போடாத, அல்லது தளர்வாகப் போட்ட குழந்தை தூக்கத்தில் கீழே வழுக்கும். முன்கம்பிக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள கால் சந்து வழியாக உடம்பு இறங்கிவிடும், தலை மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் பாதுகாப்புத் தரம் இந்தச் சந்தின் அளவுக்கென்றே தனிச் சோதனை வைத்திருக்கிறது. நடுப்பட்டை உறுதியாகத் தைக்கப்பட்டிருக்கிறதா என்று இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பக்கிளை நீங்களே பத்து முறை போட்டுக் கழற்றுங்கள். போடுவதற்குச் சிரமமாக இருந்தால் வீட்டில் போடாமல் விட்டுவிடுவீர்கள்.

இரண்டாவது பிரேக். ஒரு மிதியில் பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து நிற்பது நல்லது. பிரேக் போட்டுவிட்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். சக்கரம் அரை அங்குலம் உருண்டு நின்றால் பரவாயில்லை, நழுவினால் வேண்டாம். செருப்போடும் வெறுங்காலோடும் மிதித்துப் பார்ப்பது அவசியம். சில வண்டிகளில் பிரேக்கை விடுவிக்க விரலை அடியில் கொடுத்து மேலே தூக்க வேண்டியிருக்கும். வெறுங்காலில் அது வலிக்கும்.

மூன்றாவது, விரித்ததும் விழும் பூட்டு. ‘டக்’ என்று சத்தம் கேட்க வேண்டும், அதோடு இரண்டாவது கொக்கியும் இருக்க வேண்டும். ஒரே பூட்டை நம்பியிருக்கும் வண்டி, குழந்தை உள்ளே இருக்கும்போதே மடங்கிவிடக்கூடும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 1888, அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்833 இவற்றில் ஒன்று வண்டியில் ஒட்டிய சீட்டில் இருந்தால் இந்தச் சோதனைகளைக் கடந்து வந்தது என்று கொள்ளலாம். விளம்பரத்தில் மட்டும் எழுதியிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

நாலாயிரத்துக்கும் இருக்கிறது, இருபதாயிரத்துக்கும் இருக்கிறது. அப்படி என்னதான் வித்தியாசம்?

பெரும்பாலும் சக்கரம், சட்டம், மடிப்பு மூட்டு ஆகிய மூன்றும்தான். விலை குறைந்த வண்டியில் சக்கரம் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும், அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் பெயருக்கு இருக்கும், சட்டம் இரும்புக் குழாயாக இருக்கும். விலை ஏற ஏற அலுமினியச் சட்டம், ரப்பர் அல்லது நுரை நிரப்பிய சக்கரம், ஒரு கையால் மடிக்கும் வசதி என்று வரும். அதற்கும் மேலே கொடுக்கும் பணம் துணிக்கும் பெயருக்கும்தான்.

மேலே சொன்ன பெல்ட், பிரேக், பூட்டு மூன்றும் சரியாக இருக்கும் எளிய வண்டியைத் தைரியமாக வாங்கலாம். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் மட்டும் இரும்புச் சட்டத்தைத் தவிருங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் இருந்து திரும்பி வரும் வண்டிகளில் மூட்டுகளில்தான் முதலில் துருவைப் பார்க்கிறேன்.

எங்கள் தெருவில் நடைபாதையே இல்லை. ஸ்ட்ரோலர் வாங்கி என்ன பயன்?

இதுதான் நம் ஊரில் கேட்க வேண்டிய சரியான கேள்வி. குழந்தையின் வயதுக்கு ஏற்ற வண்டி பலரும் வாங்கிவிடுகிறார்கள். தெருவுக்கு ஏற்ற வண்டி வாங்குபவர்கள் குறைவு. ஒரு நாள் மாலை வெறுங்கையோடு உங்கள் வாசலிலிருந்து பூங்காவரை நடந்து பாருங்கள். வாசல்படி எத்தனை, மழைநீர் வடிகாலின் மூடி எவ்வளவு உயரம், நடைபாதையில் எங்கே பைக் நிற்கிறது, எங்கே நீங்கள் சாலைக்கு இறங்க வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். பாதி வழிக்கு மேல் சாலையில்தான் நடக்க வேண்டும் என்றால் அந்த வழிக்கு ஸ்ட்ரோலர் வேண்டாம். குழந்தையை மார்போடு அணைத்துக் கட்டும் கேரியரே பாதுகாப்பானது. அடுக்குமாடி வளாகத்துக்குள் சுற்றுவதற்கும் வணிக வளாகங்களுக்கும் மட்டும் என்றால் சிறுசக்கர வண்டி போதும்.

தெருவில் தள்ளத்தான் போகிறீர்கள் என்றால் சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும். ஐந்து, ஆறு அங்குலச் சக்கரம் சின்னப் பள்ளத்தில்கூட நின்றுவிடும். நீங்கள் தள்ளும் வேகத்தில் வண்டி முன்பக்கம் கவிழப் பார்க்கும். எட்டு அங்குலத்துக்கு மேல் இருந்தால் ஏறிப் போய்விடும். முன்சக்கரம் எல்லாப் பக்கமும் திரும்புவதோடு, கரடுமுரடான இடத்தில் நேராகப் பூட்டிக்கொள்ளவும் வசதி வேண்டும். வடிகால் கம்பி மூடியைக் கடக்கும்போது கம்பிகள் போகும் திசையிலேயே தள்ளாமல் குறுக்காகத் தள்ளுங்கள், இல்லையென்றால் சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும். படியில் இறங்கும்போது வண்டியைத் திருப்பிக்கொண்டு பின்சக்கரம் முதலில் இறங்கும்படி மெதுவாக இறக்குங்கள்.

இருக்கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். வாகனப் புகை தரையை ஒட்டித்தான் அடர்ந்திருக்கிறது. தள்ளுவண்டியில் போகும் குழந்தை பெரியவர்களைவிட 60 சதவீதம்வரை அதிக மாசைச் சுவாசிக்கக்கூடும் என்று பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் எச்சரித்தார்கள். சிக்னலில் பஸ்ஸின் பின்னால் நிற்காதீர்கள். உட்தெரு வழியாகப் போனால் நான்கு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். தியாகராய நகரில் 2019இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம்போல அகலமான இடங்களில் தள்ளிப் பார்த்தால் ஸ்ட்ரோலர் எதற்கு என்பது புரியும். எல்லாத் தெருவும் அப்படி இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என் அம்மா. எந்த வண்டி?

அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போங்கள். அவர் ஒரு கையில் ஐந்து கிலோ அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வண்டியை மடித்து நான்கு படி ஏறட்டும். ஏற முடியாத வண்டி உங்களுக்கு உதவாது. ஆறு, ஏழு கிலோவுக்கு மேல் போக வேண்டாம். தொட்டிலும் கார் சீட்டும் சேர்ந்து வரும் வண்டிகள் பத்து கிலோவைத் தாண்டும்; அவை உங்கள் வீட்டுக்கு ஆகா. கீழே வாட்ச்மேன் அறையில் வைத்துப் பூட்ட இடம் கிடைத்தால் அதுவே நல்ல வழி.

குழந்தை உட்கார்ந்திருக்கும்போது வண்டியோடு தூக்கிப் படியிறங்குவதை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். முன்கம்பி கையோடு கழன்று வந்துவிடும். குழந்தை முதலில், வண்டி பிறகு.

குழந்தையின் முகம் நம்மைப் பார்த்து இருக்க வேண்டுமா, சாலையைப் பார்த்தா?

முதல் ஆண்டு உங்களைப் பார்த்து இருப்பது நல்லது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை தங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது பெற்றோர் அதனோடு இருமடங்கு அதிகமாகப் பேசினார்கள் என்று தெரிந்தது. பேச்சுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தலை சாய்கிறதா, வாயில் எதையாவது போட்டுக்கொண்டதா, வெயில் கண்ணில் படுகிறதா என்பதெல்லாம் முகம் தெரிந்தால்தான் தெரியும். ஒரு வயதுக்குப் பிறகு மாடு, நாய், பஸ் எல்லாம் பார்க்க வேண்டும் என்று குழந்தையே திரும்பிக்கொள்ளும். கைப்பிடியை மட்டும் மறுபுறம் மாற்றிப் போடும் வண்டிகளில், மாற்றியபின் சின்னச் சக்கரம் பின்னால் வருவதால் தள்ளுவது கடினமாகும். வாங்கும் முன் இரு பக்கமும் தள்ளிப் பாருங்கள்.

வெயிலுக்கு மேலே வெள்ளைத் துணி போட்டு மூடலாமா?

மூடவே கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. மெல்லிய பருத்தித் துணியாக இருந்தாலும் காற்று நின்றுபோகும், உள்ளே வெப்பம் ஏறும். சிட்னி பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், உலர்ந்த மெல்லிய துணியால் மூடிய வண்டிக்குள் வெப்பம் இரண்டரை டிகிரி அளவுக்குக் கூடியது. துணியை நனைத்துப் போட்டு, சிறு விசிறியும் மாட்டியபோது வெப்பம் குறைந்தது.

ஆனால் அதை அப்படியே சென்னைக்குக் கொண்டுவர வேண்டாம். ஈரத்துணி குளிர்வது நீர் ஆவியாவதால். நம் கடலோரப் புழுக்கத்தில் அது சரியாக நடக்காது. நீண்ட குடையும் பின்புறம் வலைச் சன்னலும் உள்ள வண்டியை வாங்குங்கள். கோடையில் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்குவரை வெளியே அழைத்துப் போகாதீர்கள். வெயிலில் நின்ற வண்டி என்றால் குழந்தையை வைக்கும் முன் பக்கிளைத் தொட்டுப் பாருங்கள். அதிலுள்ள உலோகம் தொடையைச் சுட்டுவிடும்.

தள்ளும்போதே தூங்கிவிடுகிறாள். அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து தூங்கவிடலாமா?

வழியில் தூங்கினால் முதுகுப்பகுதியை மட்டமாக்கி, முகத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மட்டமான, உறுதியான படுக்கைக்கு மாற்றுங்கள். தொட்டிலுக்கு மாற்றாக ஸ்ட்ரோலரை வைத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவது பதிலில் சொன்ன மூச்சுப் பிரச்சினைதான் காரணம். பெல்ட்டைப் பாதி கழற்றி ‘சுகமாகத் தூங்கட்டும்’ என்று விடுவது இன்னும் ஆபத்து. தளர்ந்த பட்டை கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

பஸ், ரயில், மெட்ரோ, விமானம். எதில் கொண்டுபோக முடியும்?

சென்னை மெட்ரோவில் சுலபம். நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, அகலமான நுழைவாயிலும் உண்டு. நகரும் படிக்கட்டில் மட்டும் வண்டியை ஏற்றாதீர்கள். மாநகரப் பேருந்துகளில் 2024 ஆகஸ்டிலிருந்து ஓடும் தாழ்தளப் பேருந்துகளில் ஏற்றலாம். மற்ற பேருந்துகளிலும் புறநகர் ரயிலிலும் குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியை மடித்துவிடுங்கள். கூட்ட நேரத்தில் அதுவும் வேண்டாம்.

விமானத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் விமானத்தின் வாசல்வரை தள்ளிக்கொண்டு போகவிட்டு, அங்கே வாங்கிக்கொள்கின்றன. ‘கேபினுக்குள் போகும்’ என்று விற்கும் வண்டிகள் பொதுவாக 55, 35, 25 சென்டிமீட்டர் என்ற பெட்டி அளவைக் கணக்கில் வைத்தவை. அனுமதிப்பது அந்த நிறுவனத்தின் முடிவு, டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஒப்படைக்கும் முன் கப், பொம்மைக் கம்பி எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கார் சீட்டும் சேர்ந்து வரும் செட் வாங்கலாமா?

சொந்தக் கார் வைத்து அடிக்கடி போகிறவர்களுக்குச் சரி. ஆட்டோவில் போகிறவர்களுக்கு அது வீண் செலவு. காரில் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது. அபராதம் கிடக்கட்டும், குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காராதீர்கள். ஸ்ட்ரோலர் இருக்கை கார் இருக்கை ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். கார் சீட்டை வண்டிமேல் பொருத்தித் தள்ளும்போது குழந்தை அரைகுறையாக உட்கார்ந்த நிலையில் இருக்கும். மணிக்கணக்கில் அதில் விட வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து அண்ணி தன் பிள்ளையின் பழைய வண்டியைக் கொண்டுவந்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சோதித்துவிட்டு. வண்டியின் அடிச்சட்டத்தில் மாடல் எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கும். நிறுவனம் அந்த மாடலைத் திரும்பப் பெற்றதா என்று இணையத்தில் தேடுங்கள். 2009 நவம்பரில் அமெரிக்காவில் மெக்லாரன் நிறுவனத்தின் சுமார் பத்து லட்சம் குடை மடிப்பு வண்டிகளுக்கு இப்படி ஓர் அறிவிப்பு வந்தது. விரிக்கும்போது மடிப்பு மூட்டில் விரல் சிக்கி, பன்னிரண்டு குழந்தைகள் விரல் நுனியை இழந்திருந்தார்கள். மூட்டை மூடும் உறைகளை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. பழைய வண்டிகள் கைமாறி வரும்போது இந்த உறையும் கூடவே வரும் என்று சொல்ல முடியாது. எந்த வண்டியாக இருந்தாலும் விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தை ஒரு கை தூரத்துக்கு அப்பால் இருக்கட்டும்.

பிறகு நான்காவது பதிலில் உள்ள மூன்று சோதனைகளையும் செய்யுங்கள். பெல்ட் நூல் பிரிந்திருந்தால் வீட்டுத் தையல் மிஷினில் தைத்துச் சமாளிக்காதீர்கள்.

இரட்டைக் குழந்தைகள். பக்கத்துப் பக்கத்து இருக்கையா, முன்னும் பின்னுமா?

முதலில் லிஃப்ட் கதவை அளந்து பாருங்கள். பக்கவாட்டு வண்டி ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். நம் பழைய குடியிருப்புகளின் லிஃப்ட் பலவற்றில் நுழையாது. நுழைந்தால் அதையே வாங்குங்கள், திருப்புவது சுலபம். முன்பின் வண்டி நீளம். ஒரு குழந்தையை இறக்கியதும் பாரம் ஒரு பக்கம் போய்விடும்.

கைப்பிடியில் காய்கறிப் பை மாட்டலாமா?

மாட்டினால் குழந்தையைத் தூக்கிய மறுகணம் வண்டி பின்னால் கவிழும். குழந்தை இலேசாக இருந்தால் தூக்கும் முன்பே கவிழும். அடியிலுள்ள கூடையில் வையுங்கள்.

வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. முன்சக்கரம் இழுக்கிறது, கிரீச் என்கிறது. மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். முன்சக்கரத்தைக் கழற்றி அச்சைப் பாருங்கள். தலைமுடி, பூக்கட்டிய நார், நூல் எல்லாம் இறுகிச் சுற்றி, நடுவில் மணல் சேர்ந்து கறுப்பாக ஒரு வளையம் கட்டியிருக்கும். பிளேடால் கவனமாக அறுத்து, இடுக்கியால் இழுத்தால் முழுசாகக் கழன்று வரும். துடைத்து உலர்த்தி, சிலிக்கான் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மணல் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் சக்கரம் வருடக்கணக்கில் உழைக்கும். மழையில் நனைந்தால் துணியைக் கழற்றிக் காயவைக்காமல் மடிக்காதீர்கள். ஐப்பசி மழையில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

எல்லாம் பார்த்து வாங்கினோம். பிள்ளை உட்கார மாட்டேன் என்று அழுகிறான். என்ன செய்வது?

முதலில் பெல்ட் தோளை அறுக்கிறதா, முதுகு வியர்த்திருக்கிறதா, வெயில் படுகிறதா என்று பாருங்கள். தோள்பட்டை குழந்தையின் தோள் உயரத்துக்குச் சரியாக மாற்றப்படாததே பலமுறை காரணமாக இருக்கும். அது இல்லையென்றால் இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே, பசியும் தூக்கமும் இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் உட்காரவைத்துத் தள்ளுங்கள். அப்படியும் அழுதால் இடுப்பில் தூக்கிக்கொண்டு போங்கள். சில குழந்தைகளுக்கு ஒரு வயதுவரை வண்டி பிடிக்காது, பிறகு தானே ஏறி உட்காரும். இந்தச் சந்தேகம் முன்பே இருந்தால் வாங்காமல் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

மூன்று வயதாகிறது. இன்னும் வண்டியில்தான் வருகிறாள். நிறுத்திவிடலாமா?

எடையைப் பாருங்கள். பல வண்டிகள் 15 கிலோவுக்குச் செய்யப்பட்டவை, சில 22 கிலோவரை தாங்கும். அடிச்சட்டச் சீட்டில் எழுதியிருக்கும். எல்லை தாண்டினால் மடிப்பு மூட்டு தளரத் தொடங்கும், அப்போது நிறுத்திவிடுங்கள். எல்லைக்குள் இருந்தால் நீண்ட தூரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்குக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போங்கள். வண்டியை வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் பெல்ட்டையும் பிரேக்கையும் சோதித்துவிட்டு, அதன் கையேட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.